பனிக்காரர் நலமாக இருந்த மூன்று வருஷங்கள்

மூளைப் புற்றுநோயை ஆராயும் அந்தக் கூடத்தில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவரான பேராசிரியர்கூட அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்தபோது ஒல்லியான சின்னப் பெண். இப்போது தலை நரைத்துப் பட்டப்பெயருக்குப் பொருத்தமாகிவிட்டாள்.

அவள் செய்ததை இரண்டே சொல்லில் சொல்லலாம்: சோறு போடுவது. அறுவை அறையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் கட்டித் துணுக்குகளை நறுக்கிப் பிரித்து, தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளில் இட்டு, இளஞ்சிவப்பான ஊட்ட நீரை ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டருக்குள் வைப்பாள். அவ்வப்போது பழைய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது நீர் ஊற்ற வேண்டும். மறந்தால் உள்ளே இருக்கும் செல்கள் செத்துப்போகும். ஆளைக் கொல்கிற நோயை ஆளுக்கு வெளியே உயிரோடு வைத்திருந்தால்தானே மருந்தை ஊற்றிப் பார்க்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை, மழை, காய்ச்சல் எதுவும் அந்தச் செல்களுக்குத் தெரியாது.

கல்யாணப் பேச்சு அவள் வாழ்க்கையில் வந்தது, சற்று நின்றது, போய்விட்டது. அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தாள். ஞாயிறு காலையில் அவள் செருப்பை மாட்டும்போதெல்லாம் அண்ணி, "போ போ, உன் பிள்ளைங்க பசியில கத்தும்" என்பாள். பாதி கேலி, பாதி குத்தல். பெரியக்கா சிரித்துக்கொண்டே படியிறங்குவாள். தெருமுனை திரும்பியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

கூடத்தில் அவளுக்கு நெருக்கமென்று இருந்தவர் ஒருவர்தான். பனிக்காரர். செல்களை உறையவைத்துப் பாதுகாக்கும் தொட்டிகளுக்குத் திரவ நைட்ரஜன் நிரப்பும் ஊழியர். தொட்டியின் மூடியைத் திறந்தால் வெண்புகை பொங்கி அவரை இடுப்புவரை மறைத்துவிடும். அதற்குள் நின்றபடி, "பெரியக்கா, பிரசன்னமாயிட்டேன். என்ன வரம் வேணும்?" என்று கேட்பார். ஒரு டீ வாங்கிவந்தால் போதும் என்பாள் அவள்.

ஒருநாள் அந்த டீயைத் தம்ளரில் ஊற்றாமல் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். அடுத்த வாரம், தொட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே மூடியைக் காணவில்லை என்று அறை முழுக்கத் தேடினார். பெரியக்காவே அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்கவைத்தாள். அவள் அஞ்சியதுதான் படத்தில் இருந்தது. இத்தனை வருஷமாக எந்த நோய்க்கு அவள் சோறு போட்டாளோ, அதே நோய்.

அறுவைக்கு முன் கையெழுத்துப் போட்டபோது பனிக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எடுக்கிறது நம்ம லேப்புக்கே வரட்டும். வெளி ஆளுங்க கையில சிக்கினா சோறு தண்ணி ஒழுங்கா கிடைக்காது."

வந்தது. தன்னோடு உட்கார்ந்து டீ குடித்தவரின் தலையிலிருந்து வந்த துணுக்கை அவள் நறுக்கினாள். வீட்டுக்குப் போய்ப் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் எழுந்துவிட்டாள். அந்தச் செல்கள் நோஞ்சானாக, போனால் போகிறது என்று வளர்ந்தன. ஒரு சின்னக் குழாயில் மட்டும் கொஞ்சத்தை உறையவைக்க முடிந்தது. சில மாதங்களில் பனிக்காரர் போய்ச் சேர்ந்தார்.

அவர் வேலைக்குப் பதிலாக அவர் மனைவிக்குக் கழுவும் அறையில் வேலை கொடுத்தார்கள். கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது. வேண்டாமென்று கழித்த குடுவைகளை ஆட்டோகிளேவில், அதாவது ஆள் உயரப் பிரஷர் குக்கர் போன்ற எந்திரத்தில், வேகவைத்து உள்ளே இருப்பதைக் கொல்வது.

முதல் நாளே அவள் இன்குபேட்டர் அறைக்கு வந்து நின்றாள். "அக்கா, அவரு இங்கதான் இருக்காராமே. ஒரு தடவை பார்க்கலாமா?"

இது அவர் இல்லை, அவரைக் கொன்றது என்று பெரியக்கா பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "அதுவும் அவரு உடம்புல பொறந்ததுதானே" என்றாள் அவள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேறிட்டாரு."

அது பொய்யில்லை. ஏனென்று தெரியாமல் அந்தச் செல்கள் கொஞ்ச நாளாகக் கொழுகொழுவென்று பெருகிக்கொண்டிருந்தன. சூழ்நிலைக்குப் பழகிவிட்டன என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"வீட்டுல ஒரு வாய் சாப்பிடவைக்க நான் பட்ட பாடு" என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க கைராசி."

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்தாள். குழாய் ஒழுகுவதையும், மகள் பாஸ் செய்ததையும், மாமியார் பேச்சை நிறுத்திவிட்டதையும் இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவைப் பார்த்துச் சொல்வாள். பெரியக்காவும் சில நாள், "சரின்னு சொல்றாரு" என்று பதில் கொடுப்பாள். இருவரும் சிரிப்பார்கள். உண்மையைச் சொன்னால், அந்தக் காலை நேரத்துக்காகத்தான் பெரியக்கா கண் விழித்தாள். அவளுக்கென்று ஒருத்தி வந்து நின்று பேசுகிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

விதி மூன்றாம் வருஷம் கதவைத் தட்டியது. புது மருந்து ஒன்று பனிக்காரரின் செல்களில் நன்றாக வேலை செய்தது. அந்த முடிவை வெளியிடுவதற்கு முன், செல்கள் அவருடையவைதாமா என்று சேமித்துவைத்த அவர் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முறை.

ஒத்துப்போகவில்லை. குடுவையில் இருந்தது ஒரு பெண்ணின் செல். எப்போதோ இறந்துபோன யாரோ ஒருத்தியிடமிருந்து எடுத்து, பல ஆராய்ச்சிக் கூடங்களில் பல்லாண்டாக வளர்க்கப்படும் செல். அதே இன்குபேட்டரின் மேல் தட்டில் அதுவும் இருந்தது. அதில் ஒரு சொட்டு இங்கே விழுந்துவிட்டால் போதும், பயிரைக் களை மூடுவதுபோல் நோஞ்சான் செல்களை மூடிவிடும்.

பழைய உறைகுழாயை எடுத்து உருக்கிச் சோதித்தார்கள். அதில் இருந்தவை அவருடையவைதாம். ஆனால் உயிர் பிடிக்காமல் செத்து மிதந்தன. செல்கள் பெருகத் தொடங்கியபின், அவர் இறந்த மறுமாதம் உறையவைத்த இன்னொரு குழாயில் அவர் இல்லை. அந்தப் பெண்தான் இருந்தாள்.

இடையில் என்ன நடந்தது என்று பெரியக்காவிடம் யாரும் கேட்கத் தேவையில்லை. அவர் போய்விட்டார் என்ற சேதி வந்த காலை. அழுகையை அடக்கிக்கொண்டு, சாவு வீட்டுக்கு ஓடும் அவசரத்தில், இரண்டு வகைச் செல்களுக்கும் ஒரே புட்டியிலிருந்து, ஒரே உறிஞ்சுகுழலால் ஊட்ட நீர் எடுத்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே செய்யக்கூடாது என்று அவள் சொல்லிக்கொடுக்கும் காரியம்.

பேராசிரியர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, எல்லா இடத்திலும் நடப்பதுதான் என்றார். அந்தக் குடுவைகளை அன்றைக்கே அழித்துவிடச் சொன்னார். அங்கே படிக்கும் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி காதோடு வந்து ஒரு வழி சொன்னாள்: அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டாம், வேறொரு குடுவையைக் காட்டிக்கொள்ளலாம், அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது?

பெரியக்காவின் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. கழித்தவை போகும் வாளியில் போடுவதற்கு முன் குடுவைகளில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளை நகத்தால் கிள்ளி உரிக்கத் தொடங்கினாள். இரண்டு உரித்தாயிற்று. மூன்றாவதில் கை நின்றது. இந்த வாளி போகிற இடம் கழுவும் அறை. தன் புருஷன் என்று நம்பியிருப்பதைப் பனிக்காரரின் மனைவியே அறியாமல், அவள் கையாலேயே வேகவைக்கச் செய்வதா? எந்தப் பாவி மனமும் அதற்குத் துணியாது.

வாளியைப் பெரியக்காவே தூக்கிக்கொண்டு போனாள். கழுவும் அறையில் அந்தப் பெண் குடுவைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பெரியக்காவின் முகத்தைப் பார்த்ததுமே, "அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்றாள்.

"அது அவரு இல்லம்மா."

"அப்ப யாரு?"

"யாரோ ஒரு பொம்பளை. எப்பவோ செத்துப்போனவங்க."

அவள் திகைத்து, பிறகு சிரித்தாள். "பொம்பளையா? எதிர்வீட்டுக்காரி பேருகூட தெரியாது அந்த மனுஷனுக்கு." சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "எப்பலேருந்து?"

"அவரு போன அன்னிக்கிலேருந்து. என் கைதான். சேதி கேட்டதும் அவசரமா..."

"நான் முதல் தடவை வந்து பார்த்தேனே, அப்பவே அவரு இல்லையா?"

"இல்ல."

"தேறிட்டாருன்னு சொன்னீங்க."

"அப்படித்தான் நெனச்சேன்."

குழாயிலிருந்து தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதை மூடினாள்.

"நான் அவருக்காகச் சரியா அழவே இல்லக்கா. ஏன் இவ கல்லு மாதிரி இருக்கான்னு எல்லாரும் கேட்டாங்க. அவருதான் அங்க இருக்காரேன்னு இருந்துட்டேன். இப்ப முதல்லேருந்து அழணும். மூணு வருஷம் கழிச்சு யாரு என்கூட உட்கார்ந்து அழுவா?"

"நான் இருக்கேன்மா."

"நீங்க வேணாம்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பெரியக்கா தாங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் வாளிக்குக் கை நீட்டினாள். தானே போட்டுவிடுவதாகப் பெரியக்கா சொன்னதற்கு, அது தன் வேலை என்றாள். குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டோகிளேவுக்குள் அடுக்கினாள். சீட்டு உரிந்தவற்றையும் உரியாதவற்றையும் ஒரே மாதிரிதான் தொட்டாள். கனத்த மூடியை இழுத்துத் திருகினாள். பிறகு முக்காலியை அதன் பக்கத்தில் போட்டு, பெரியக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பெரியக்கா வெளியே வந்தாள். ஆவி சீறத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குள் ஒரு பெண் கேவிக் கேவி அழுவது நடைவழிவரை கேட்டது. உள்ளே போக அவளுக்கு உரிமையில்லை. விட்டுப் போகவும் மனசில்லை. சுவரில் சாய்ந்து, கேட்டுக்கொண்டே நின்றாள்.