உள்பக்கத் தாழ்ப்பாள்

எங்கள் வீட்டில் கட்டிய முயல் கூண்டைப் போல மட்டமான ஒரு கூண்டை நான் இன்றுவரை எங்கும் பார்க்கவில்லை. நான்கு கால்களில் ஒன்று குட்டை. கூரைத் தகரம் மழைத் தண்ணீரை வெளியே தள்ளாமல் கூண்டுக்குள்ளேயே வடிய விடும்படி சாய்ந்திருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, ஆனால் உள்பக்கம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு அந்தக் கூண்டின் மேல் இருக்கும் நன்றி எந்தக் கோயிலின் மேலும் கிடையாது.

அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வாய் அதிகம். கோணலான வேலையைக் கண்டால் ஆகவே ஆகாது. எங்கள் அடுப்படி மேடையைக் கொத்தனார் பூசி முடித்து அது காய்ந்ததும், ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் வைத்துப் பார்த்தாள். தண்ணீர் ஒரு ஓரமாகப் போய்ச் சேர்ந்தது. கொத்தனார் தலையைச் சொறிந்தார். மேடையை உடைத்து மறுபடி போட வைத்துவிட்டுத்தான் அவரை அனுப்பினாள். தையல்காரர் எங்கள் தெருவைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதிப்பார். எனக்கும் அதே வாய்தான். அதனால் எனக்குச் சிநேகிதர்கள் குறைவு. போகட்டும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எனக்கொரு தம்பி வரப்போகிறான் என்றார்கள். அம்மா மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பி இல்லாமல் திரும்பி வந்தாள். வந்தவள் பின்கட்டு அறையில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தாள். எழுந்து குளிப்பாள், வைத்ததில் இரண்டு வாய் சாப்பிடுவாள், மறுபடி படுத்துக்கொள்வாள். பேச்சு மட்டும் கிடையாது. சோற்றில் கல் கிடந்தால்கூட எடுத்து ஓரமாக வைத்தாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, சமைத்துப்போட வந்திருந்தாள். வரும்போது அம்மாவுக்குப் பிடிக்குமென்று பால்கோவா வாங்கி வந்தாள். அதை நான்தான் தின்று தீர்த்தேன்.

அப்பா ராணுவத்தில் இருந்தார். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போடுகிற பிரிவு. லீவில் வந்தவர் ஒரு தடவை லீவை நீட்டித்தும் பார்த்துவிட்டார். அதற்குமேல் கிடைக்காது என்று ஆனபிறகு ஒருநாள் காலையில், முயல் வளர்க்கப்போகிறோம், கூண்டு கட்டவேண்டும் என்று அறிவித்தார். நான் எத்தனையோ நாளாக முயல் கேட்டு அழுதிருக்கிறேன். நாற்றம் என்று அம்மா விடவில்லை. இப்போது அவள் படுத்திருக்கிற நேரத்தில் என் கட்சி ஜெயித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மாமா, அம்மாவின் தம்பி, பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்த்தார். கழித்துப்போட்ட பழைய தறியின் மரச்சட்டங்களை டிவிஎஸ் ஐம்பதில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். நல்ல மரம். எண்ணெய் குடித்து வழுவழுவென்று இருக்கும். கொல்லையின் கடைசியில் மாமரம் நின்றது, அதற்கடியில் நிழல். கூண்டை அங்கே கட்டாமல், அம்மாவின் ஜன்னலுக்கு நேரே, சுள்ளென்று வெயிலடிக்கிற இடத்தில் கட்ட ஆரம்பித்தார்கள். முயல் வெந்துபோகும் என்று நான் கத்தினேன். கடைக்குப் போய் ஆணி வாங்கி வா என்று மாமா என்னை விரட்டினார்.

அதன் பிறகு நான் எந்தத் தப்பைக் காட்டினாலும் எனக்குக் கடைக்குப் போகிற வேலை வந்தது. கால் குட்டை என்றேன், கம்பி வாங்கப் போ என்றார்கள். தகரம் உள்பக்கம் சாய்கிறது என்றேன், பீடி வாங்கப் போ என்றார்கள். மாமாவுக்குப் பீடிப் பழக்கமே கிடையாது. அத்தை வலையை இழுத்துக் கட்டாமல் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டாள். வீட்டில் பெரியவர்கள் மூன்று பேரும் மடையர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதில் அப்பா வேறு, ஒவ்வொரு சட்டத்தை அறைந்த பிறகும் ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏட்டி, இது சரியா இருக்கா பாரு" என்று கேட்பார். உள்ளேயிருந்து பதில் வராது. செத்த நேரம் நின்று பார்ப்பார். பிறகு அடுத்த சட்டத்தை எடுப்பார், அதையும் கோணலாக அறைவார்.

அப்பா ரயில் ஏறவேண்டிய நாள் வந்தது. சாயங்காலம் கிளம்பவேண்டும். காலையில் மாமா ஒரு சோடி வெள்ளை முயலை மாம்பழப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கூண்டுக்குள் விட்டார்கள். அப்போதுதான் தாழ்ப்பாள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி ஆனது. பக்கத்து வீட்டு நாய், எங்கள் ஊர் வேட்டைநாய்ச் சாதி, வெள்ளைவெளேரென்று ஓங்கி வளர்ந்தது, முயலென்றால் உயிரை விடும். அது சுவரைத் தாண்டி வந்து எங்கள் கொல்லையில் மரியாதையாக உட்கார்ந்து கூண்டையே பார்த்தது. அப்பா கதவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெயிலில், காவலுக்கு நிற்கிற சிப்பாய் மாதிரி நின்றார்.

"இப்ப என்ன மாப்ளே செய்ய? கையை எடுத்தா கதவு தொறந்துக்கிடும்லா" என்றார். ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக.

"ஆமா அத்தான். நீங்க இப்படியே நிக்க வேண்டியதுதான்" என்றார் மாமா.

நான் வாயைத் திறந்தேன். அத்தை என் வாயைப் பொத்தினாள். யாரும் அசையவில்லை. வெயில் ஏறியது, அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நாய் கொட்டாவி விட்டது. அப்பா ஜன்னலைப் பார்க்கவேயில்லை, கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாப்பாளை யாராச்சும் உள்பக்கம் வைப்பாகளா?"

ஜன்னலிலிருந்துதான். குரல் கரகரத்து வந்தது.

"முயலு எந்திரிச்சு வந்து பூட்டிக்கிடுமாக்கும்?"

அப்பா திரும்பவில்லை. "வேற எங்கிட்டு வைக்க?" என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

அவ்வளவுதான். அம்மா பின்வாசல் வழியாக வந்தாள். முடி கலைந்து, சேலை கசங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதலில் நாயை விரட்டினாள். பிறகு மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, தறியில நிக்கிறவன்தான நீ? அம்புட்டு நல்ல மரத்தை இப்படியா நாசம் பண்ணுவ?" அத்தைக்கு வலைக்காக ஒரு பாட்டு கிடைத்தது. என்னிடம் தட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். கூண்டின் மேல் வைத்தாள். தண்ணீர் குட்டைக்கால் பக்கம் ஓடித் தரையில் கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், திட்டிக்கொண்டிருந்த வாயோடு அழ ஆரம்பித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். அத்தை அவளைக் கட்டிக்கொண்டு, "அழு மதினி, அழுதிரு" என்று அவளும் அழுதாள். ஒரு கூண்டுக் கால் குட்டையாகப் போனதற்கு இப்படியா அழுவார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சுத்தியலைக் கேட்டு வாங்கினாள். முயல்கள் பெட்டிக்குத் திரும்பின. மத்தியானம் முழுக்கக் கூண்டைப் பிரித்து மாமரத்தடியில் மறுபடி கட்டினோம். அம்மா ஒரு கல்மேல் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மற்ற மூன்று பேரும் செய்தார்கள். அப்போது பார்க்க வேண்டும், ஒரு ஆணி வளையவில்லை, ஒரு சட்டம் விலகவில்லை. நடுவில் அத்தை சோறு கொண்டுவந்து கொடுத்தாள். உப்பு இல்லை என்று அம்மா திட்டிக்கொண்டே தட்டைக் காலி செய்தாள்.

வருடங்கள் கழித்து, என் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூண்டின் அந்த ஒரு காலை அப்பா இரண்டு தடவை அளந்து பார்த்து, குறி போட்டு, குட்டையாக அறுத்தாராம். இந்த மூன்று பேருக்கும் நான் பட்டிருக்கிற கடனைச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை வராது. அதனால் அம்மா இன்றைக்கும் என் வீட்டுக்கு வந்து என் சமையலைக் குறை சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். நான் வாயை மூடுவது அதற்கு மட்டும்தான்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? சாயங்காலம் அப்பா பெட்டியோடு ஆட்டோவில் ஏறும்வரை அம்மா விடவில்லை. வாசலில் நின்று, கூண்டில் ஆரம்பித்து அவர் சட்டைக்காலர் வரைக்கும் திட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டோவுக்குள் தலையை விட்டு, இம்புட்டுத் திட்டையும் கேட்டுக்கொண்டு ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பேசட்டும்மா" என்றார் அப்பா. "நல்லா பேசட்டும்."

சிரித்துக்கொண்டு வேறு சொன்னார். ஆட்டோ போய்விட்டது. ஒரு முயல் கூண்டை நேராகக் கட்டத் தெரியாத மனுஷன். இவர் போட்ட பாலத்தின் மேல் நடந்துபோகிற சிப்பாய்களை நினைத்து எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.