பாலத்தில் எண்ணிய சைக்கிள்கள்

எங்கள் மாமா செத்த இடத்தில் என்னை உட்காரவைத்து சைக்கிள் எண்ணச் சொன்னார்கள். எனக்கு அப்போது பத்து வயது. பயந்திருப்பேன் என்றுதானே நினைப்பீர்கள்? அதெல்லாம் ஒன்றுமில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

எழுபதுகளின் கடைசி. திருநகரிலிருந்து மதுரைக்கு மில் வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளில்தான் போவார்கள். பழங்காநத்தம் போகிற வழியில், ஒரு வாய்க்காலின் மேல் குறுகலாக ஒரு பாலம். லாரி வந்துவிட்டால் சைக்கிளுக்கு இடம் கிடையாது. தார் உடைந்து ஓரமெல்லாம் முழ ஆழத்துக்குப் பள்ளம். முந்தின ஐப்பசியில், பின்னால் வந்த லாரிக்கு ஒதுங்கப் போய் என் மாமா அந்தப் பள்ளத்தில் விழுந்தார். அதோடு சரி, எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாத அத்தையை, தங்கச்சியைத் தனியாக விடக்கூடாது என்று, அப்பா எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார்.

அப்பாவும் அதே மில்தான். காரியம் முடிந்த கையோடு மனு எழுத உட்கார்ந்தார். பாலத்தை இரண்டு பக்கமும் அகலப்படுத்த வேண்டும், சைக்கிளுக்கென்று கிராவல் அடித்துத் தனியாக ஒரு தடம் போட வேண்டும். ஷிப்ட் முடிந்து வருகிற ஒருவரையும் விடமாட்டார். "அண்ணே, ரோடு என்ன லாரிக்காரனுக்குச் சீதனமாவா வந்துச்சு? ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்கண்ணே" என்று மறித்து நிற்பார். அந்த மனுவைத் தூக்கிக்கொண்டு ரோட்டு ஆபீசுக்கு எத்தனை நடை! கடைசியில் அங்கிருந்த அதிகாரி, "எம்புட்டு சைக்கிள் போகுதுன்னு ஒரு நாள் கணக்கு எடுத்துட்டு வாங்க, மேல எழுதுவோம்" என்றார்.

ஆண்களுக்கு ஷிப்ட் இருந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. பெண்பிள்ளையை ரோட்டில் தனியாக விடமாட்டேன் என்று அம்மா ஒரே பிடியாக நிற்க, அத்தைதான், "கூட நான் போறேன்" என்றாள். அம்மா பதறிப்போனாள். "வருசம் திரும்பலையே, அதுக்குள்ள ரோட்டுல போய் உக்காந்தா ஊரு என்ன பேசும்?"

"பேசுற ஊரு வந்து எண்ணித் தருமா மதினி?" என்றாள் அத்தை. ஆறேழு மாதமாக வாசல் தாண்டாதவள் அவள். எந்த இடம் என்று தெரிந்தேதான் கிளம்பினாள்.

அப்பா இரண்டு பேரையும் தனித்தனியாக எண்ணச் சொன்னார். நான் நோட்டில் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தேன். இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்ட அத்தை, ஒரு சைக்கிளுக்கு ஒரு புளியங்கொட்டை என்று தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்த வெயிலில் இருந்தோம். அத்தை பள்ளத்துப் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. நான்தான் நாலு தரம் எட்டிப் பார்த்தேன்.

மறுநாள் அப்பா லீவு போட்டார். கொட்டைகளை எண்ணிப் பார்த்து, நானூற்றுப் பன்னிரண்டு என்று மனுவில் எழுதினார். வெகுநாள் கழித்து அவர் முகத்தில் ஒரு தெளிச்சி. என் நோட்டை அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. எங்கள் இரண்டு பேரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ரோட்டு ஆபீசுக்குக் கிளம்பினார். அந்தக் கோபம் எனக்கு ஆபீஸ் போகிறவரை ஆறவில்லை.

அதிகாரி மனுவைப் படித்து, "பரவால்லையே, நானூறா!" என்று பேனாவை எடுத்தார்.

என் வாய் சும்மா இருந்ததா? "இல்ல சார், நூத்திப் பதினேழுதான். அத்தைக்கு எண்ணத் தெரியல. இறங்கித் தள்ளிட்டுப் போனவங்களையும் சேத்து எண்ணிட்டாங்க. ஓட்டிட்டுப் போறவங்களத்தான் நான் எண்ணுனேன்" என்று நோட்டை நீட்டினேன்.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. நோட்டை வாங்கிப் பொறுமையாகப் புரட்டினார். "பிள்ளை சரியாத்தான சொல்லுது? தள்ளிட்டுப் போறவன் நடந்து போற ஆளுல்ல?" என்றார்.

"ஓட்டிட்டுப் போனா செத்துருவோம்னுதான சார் இறங்குறாங்க?" என்றார் அப்பா. "அந்தப் பயத்துக்குத்தான சார் தடம் கேக்குறோம்?"

"நூத்திச் சொச்சத்துக்கெல்லாம் மேல எழுத முடியாதுய்யா" என்று அவர் பேனாவை மூடிவிட்டார். கடைசியில் என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று வேறு பாராட்டினார். நான் பூரித்துப்போனேன். படுபாவி, பூரித்துத்தான் போனேன்.

அந்தப் பாலம் வெகுகாலம் கழித்து அகலமாயிற்று, பஸ்ஸுக்கும் லாரிக்கும். சைக்கிளுக்கென்று ஒரு முழம்கூட ஒதுக்கவில்லை. அதற்கு முன்பே அப்பா மில்லை விட்டு நின்றுவிட்டார்.

அன்று ஆபீசிலிருந்து திரும்பும்போது நான் முன்கம்பியில், அத்தை பின்னால் கேரியரில். பாலம் வந்ததும் அப்பா இறங்கினார். அத்தையும் இறங்கினாள். என்னைக் கம்பியில் வைத்தபடியே அப்பா தள்ளிக்கொண்டு நடந்தார். எனக்கு அப்போதும் வாய் அடங்கவில்லை. "இப்ப நீங்களும் கணக்குல வர மாட்டீங்கப்பா" என்று சிரித்தேன்.

அப்பா தலை நிமிரவில்லை. அத்தை என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் வந்து என் தலையைத் தடவினாள்.

"உங்க மாமா அன்னைக்கு இறங்கலடி. ஓட்டிக்கிட்டுத்தான் போனாரு. அவரையாச்சும் எண்ணிக்க" என்றாள்.

நான் நோட்டைப் பிரித்து, நூற்றுப் பதினேழுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டேன். அத்தைக்கு இப்போதுதான் எண்ணத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.