முந்தைய பதிப்பை நீக்கவும்

கணவருக்கு மலைமேல் உள்ள பள்ளிக்கு மாற்றல் வந்தபோது நானும் சென்னையை விட்டு வந்துவிட்டேன். என் வேலைக்கு ஒரு கணினியும் இணையமும் இருந்தால் போதும். நாங்கள் குடியிருந்த ஊரில் இணையம் சரியாக வராததால், காவலூரில் பஸ் நிற்கும் இடத்தருகே மாடியில் ஓர் அறை பிடித்து, தினமும் ஸ்கூட்டரில் போய் வந்தேன்.

எங்கள் நிறுவனம் சின்ன மருந்தகங்களுக்கு மென்பொருள் செய்தது. நோயாளியின் பெயர், ரத்த அழுத்தம், கொடுத்த மாத்திரை, அடுத்து வர வேண்டிய நாள் எல்லாம் அதில் ஏறும். அந்த மென்பொருளைக் கணினியில் நிறுவித் தரும் இன்ஸ்டாலர்தான் என் பொறுப்பு. நான் எழுதுவது குறைவு. மற்றவர்கள் மென்பொருள் நிரலில் செய்த மாற்றங்களைப் படித்துப் பார்த்து, சரியென்றால் அப்ரூவ் செய்வேன். பழைய வரி சிவப்பாகவும் புதிய வரி பச்சையாகவும் திரையில் தெரியும். என் ஒப்புதல் இல்லாமல் பச்சை வரி வெளியே போகாது.

இன்ஸ்டாலரின் பிழைச்செய்திகளைப் பற்றி நான் நெடுநாள் சண்டை போட்டிருந்தேன். நிறுவுவது பாதியில் நின்றால், ‘பிழை 27. நிறுவல் நிறைவடையவில்லை’ என்று மட்டும் வரும். இதைப் படிக்கிற நர்ஸுக்கு என்ன புரியும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டேன். கடைசியில் ஒரு சக ஊழியர் எல்லாச் செய்திகளையும் மாற்றி எழுதி எனக்கு அனுப்பினார். பிழை 27 இருந்த இடத்தில், ‘முந்தைய பதிப்பு இடையூறாக உள்ளது. அதை நீக்கிவிட்டு மீண்டும் முயலவும்’ என்று பச்சையில் இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ‘இப்போதுதான் மனுஷர் பேசுவது மாதிரி இருக்கிறது’ என்று கீழே குறிப்பு எழுதி அப்ரூவ் செய்தேன்.

முந்தைய பதிப்பை நீக்கினால் அதோடு சேர்ந்து நோயாளிகளின் பதிவுகளும் அழிந்துவிடும். அந்தப் பகுதி வேறொரு குழுவினுடையது. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் அதையும் நான்தான் படித்து ஒப்புதல் கொடுத்திருந்தேன். எனக்குத் தெரிந்திருந்த விஷயம்தான். அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, இருமல் நிற்காமல் எங்கள் ஊர் மருந்தகத்துக்குப் போனேன். ஓர் அறக்கட்டளை நடத்துகிற இரண்டு அறை மருந்தகம். டாக்டர் வாரம் ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் நர்ஸ் அக்காதான். அமிர்திப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், பின்னறையிலேயே தங்கியிருந்தார். அவர்கள் எங்கள் மென்பொருளைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

அன்று வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா யாரையும் கூப்பிடாமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா ஆச்சுக்கா?”

“ஒன்னும் காணோம்மா. புதுசு போடணும்னு நேத்து வந்துச்சி. போட்டேன். பழச எடுத்துட்டு மறுபடி போடுன்னு சொல்லிச்சி. எடுத்துட்டுப் போட்டேன், நல்லாத்தான் ஏறிச்சி. தொறந்து பாத்தா ஒரு பேரு கூட இல்ல.”

“எடுக்கறதுக்கு முன்ன எங்கியாச்சும் காப்பி எடுத்து வச்சீங்களா?”

“அப்டி ஒன்னும் சொல்லலியே. சொல்லியிருந்தா எடுத்திருப்பேன். அது இன்னா சொல்லிச்சோ அதத்தான் செஞ்சேன்.”

அவர் கவனமான மனுஷி. திரையில் வந்ததை ஃபோனில் படம் பிடித்து வைத்திருந்தார். என்னிடம் நீட்டினார். நான் பாராட்டி ஒப்புதல் கொடுத்த அதே இரண்டு வாக்கியங்கள். இருமலுக்கு வந்தேன் என்பதே மறந்துபோய் அந்த ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போய் மூன்று நாள் என் அறையில் உட்கார்ந்து தேடினேன். அழிந்த இடத்தின்மேலேயே புதிய பதிப்பு ஏறியிருந்தது. பாதிப் பெயர்கள் சில கிடைத்தன, யாருடையது என்று தெரியாத ஒரு தேதி கிடைத்தது. வேலூரில் இதற்கென்றே கடை வைத்திருப்பவரிடம் கொண்டு போனேன். ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, “இதுல ஒன்னும் வராதுங்க மேடம்” என்று திருப்பிக் கொடுத்தார். ஆறு வருஷப் பதிவுகள்.

லேப்டாப்பைத் திருப்பித் தரும்போது அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

“அக்கா, அந்த வரிய எழுதினது வேற ஒருத்தரு. ஆனா சரின்னு பாஸ் பண்ணது நான். எடுத்தா எல்லாம் போய்டும்னு அதுல சொல்லியிருக்கணும். நான் பாக்காம வுட்டுட்டேன்.”

அவர் லேப்டாப்பை வாங்கி மேஜைமேல் வைத்தார். “நீ இன்னாம்மா பண்ணுவ. யாரையாச்சும் கேட்டுட்டு செஞ்சிருக்கணும், எம்மேலதான் தப்பு. முன்னல்லாம் நம்பர் வரும், ஒன்னும் புரியாது, ஆபீஸுக்கு ஃபோன் பண்ணுவேன். இந்தவாட்டி தெளிவா தமிழ்ல போட்டிருந்துச்சா, அதான் கேக்கல.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். புரியும்படி எழுதவைத்ததுதான் வினையாகிவிட்டது என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டியிருந்தது.

நிறுவனத்தில் என்னால் முடிந்ததைச் செய்தேன். ‘நீக்கினால் உங்கள் பதிவுகள் அனைத்தும் அழியும். முதலில் நகல் எடுக்கவும்’ என்று மாற்றி அனுப்பினேன். திரையில் செய்தி வரும் பெட்டிக்குள் அவ்வளவு எழுத்து அடங்காது என்று திரும்பி வந்தது. சுருக்கினேன். நீக்கும்போது பதிவுகளைத் தொடாமல் விட வேண்டும் என்று அந்தக் குழுவிடம் கேட்டேன். அழியும்படித்தான் வடிவமைத்திருக்கிறோம் என்றார்கள். அந்தப் பதிப்பை இப்போது வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் உடனே எச்சரிக்கை அனுப்பச் சொல்லி மேலாளரிடம் மன்றாடினேன்.

“வீணா பயம் கிளப்பின மாதிரி ஆய்டும்ங்க. யாராச்சும் கம்ப்ளெயின்ட் பண்ணா பாத்துக்கலாம்” என்றார்.

“கம்ப்ளெயின்ட் பண்றதுக்குள்ள எல்லாம் அழிஞ்சிருக்கும் சார்.”

அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஐந்து வாரம் கழித்து என் மாற்றத்துக்கு ஒப்புதல் வந்தது. அதே வாரம், இனி எல்லாம் இணையம் வழியாகத்தான், இன்ஸ்டாலரே கிடையாது என்று அறிவித்தார்கள். என் வரி சேர்ந்த பதிப்பு வெளியாகவேயில்லை. பழையது மட்டும் எத்தனை மருந்தகங்களில் இன்னும் இருக்கிறதோ, எத்தனை பேர் அதன் சொல்படி நடந்தார்களோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

மருந்தகத்தில் அக்கா ஒரு நோட்டு போட்டு, வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். சர்க்கரைக்காரர்கள் காலி மாத்திரை அட்டையைக் கொண்டு வந்தார்கள். கர்ப்பிணிகளுக்குத் தேதி நினைவிருந்தது. வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவரிடம் மட்டும் அட்டையும் இல்லை, ஒன்றும் சொல்லவும் தெரியவில்லை. புளி உலுக்கும் வேலைக்குப் போகிறவர். டாக்டர் ஒரு வருஷம் கூட்டியும் குறைத்தும் பார்த்து, அவருக்குச் சரியான அளவைக் கண்டுபிடித்திருந்தார். அது கணினியில்தான் இருந்தது. அந்த டாக்டரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிய டாக்டர், வேலூருக்குப் போய் முதலிலிருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்த நோயாளி ஒரு தடவை போனார். அப்புறம் போகவில்லை.

தை மாதம் அவரைப் பஸ்ஸில் பார்த்தேன். வலது கை முழங்கை வரை கட்டு. அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வலிப்பு வந்து நெருப்பில் விழுந்துவிட்டாராம். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சொன்னார். “மாத்திர கரெக்டா இருந்தப்ப ரெண்டு வருஷம் ஒன்னுமில்லாம இருந்தாருங்க” என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள் இறங்கும் ஊர் வந்துவிட்டது.

இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் ஐந்தாறு முறை படிக்கிறேன். நான் மாற்றங்களைத் தேக்கி வைக்கிறேன் என்று குழுவில் குறை சொல்கிறார்கள். முக்கியமானவற்றை இப்போது எனக்கு அனுப்புவதில்லை. பொத்தான்களின் நிறம், தலைப்பின் அளவு என்று வருகிறது. அதையும் படித்து ஒப்புதல் கொடுக்கிறேன்.

மருந்தகத்துக்குப் புதிய முறை வந்துவிட்டது. மலையில் இணையம் நிலைத்து நிற்பதில்லை என்பதால் பாதி நாள் அது திறப்பதேயில்லை. அக்கா இப்போது தானாக எதையும் அழுத்த மாட்டார். போன வாரமும் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இதுல இன்னா போட்டிருக்குதுன்னு படிச்சு சொல்லும்மா.”

“இணைப்பு இல்லையாம்க்கா. மறுபடி முயற்சி பண்ணச் சொல்லுது.”

“பண்ணலாமா? எதுவும் போய்டாதே?”

“போகாதுக்கா” என்றேன். உறுதியாகத் தெரியாமலேதான் சொன்னேன். அழுத்தினோம். அதே செய்தி வந்தது. இன்னொரு தடவை அழுத்தினோம். வெளியே யாரோ குழந்தையை அதட்டுவது கேட்டது. அக்கா லேப்டாப்பை மூடிவிட்டு, நோட்டைத் திறந்து முதல் ஆளைக் கூப்பிட்டார்.