சாட்சியில்லாத கைநாட்டு

2008 டிசம்பர் 17, புதன்கிழமை, காலை பத்தேகால் மணி. வெளியே ஒரே பனிமூட்டம். ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிரே இருந்த பஸ் நிறுத்தம்கூடத் தெரியவில்லை. பித்தப்பைக் கற்களை எடுப்பதற்காக என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், பல் செட், மொபைல் போன் என்று நான்கு பொருட்களை மகனிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

"நாலும் இருக்கு அப்பா. டென்ஷன் எடுக்காதீங்க."

போனைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. என் வலது கை ஆள்காட்டி விரலைத் தேய்த்தால்தான் அது திறக்கும். விரல் இல்லாவிட்டால் எட்டு இலக்க ரகசிய எண் ஒன்று வேண்டும். அது என் தலைக்குள் மட்டும் இருந்தது.

எனக்கு அப்போது எழுபத்தொரு வயது. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. டில்லி ஜனக்புரியில் இரண்டாம் மாடியில் என் பெயரில் ஒரு வீடு. அதில் மகனும் மருமகளும் என்னுடன் இருந்தார்கள். என்னுடன் இருந்தார்கள் என்று நான் சொல்வேன். அவர்களுடன் நான் இருந்ததாக அவர்கள் சொல்வார்கள். அந்த வீட்டை விற்றுவிட்டுத் தென்காசிக்குப் போய், கணவனை இழந்து தனியாக இருந்த என் தங்கையோடு மிச்ச நாளைக் கழிப்பது என்று நானும் அவளும் முடிவு செய்திருந்தோம். அங்கே கிணற்றோடு ஒரு சிறு வீட்டை அவள் பார்த்து, தன் சேமிப்பிலிருந்து முன்பணமும் கொடுத்துவிட்டாள். அதை இருவர் பெயரிலும் பதிவு செய்வதாக ஏற்பாடு. மகனிடம் எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வதாக இருந்தேன். முன்னால் சொன்னால் நடக்காது என்று எனக்குத் தெரியும்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தங்கையும் நானும் முப்பது வருடமாகக் கடிதம் எழுதியவர்கள். அவள் கடிதங்கள் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், பிரித்தபடியே கிடக்கும். மகன் அதன் மேலேயே டீக்கோப்பையை வைப்பான். படித்ததில்லை, படிக்கவும் தெரியாது. டில்லியில் பிறந்து இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. ஆனால் வீடு விற்கிற விவகாரத்தில் ஒரு வாரம் கடிதத்துக்காகக் காத்திருக்க முடியாது. அதனால் போனில் செய்தி அனுப்பத் தொடங்கினோம். இருவர் போனிலும் தமிழ் எழுத்து கிடையாது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தோம். இது ரகசியமாயிற்றே என்றுதான் கரோல் பாக்கில் ஒரு கடையில் வெளிநாட்டிலிருந்து வந்த அந்த விரல் போனை வாங்கினேன். விரலை வெட்டி எடுத்துக்கொண்டு போனாலும் திறக்காது என்று கடைக்காரன் இந்தியில் சத்தியம் செய்தான். அன்று மாலையே தங்கையைக் கூப்பிட்டு அதை அப்படியே சொன்னேன். அவள் சிரித்தாள். "படிச்ச மனுஷன் கடைசியில கைநாட்டு ஆயிட்டியளே அண்ணே!"

அந்தச் சிரிப்பில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் மத்திய அரசில் ஓய்வூதியப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவன். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கட்டைவிரல் ரேகை வைத்தால், பக்கத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஏன் என்று புதிதாக வந்த குமாஸ்தாக்கள் கேட்பார்கள். கையெழுத்தை விழித்திருக்கிற மனுஷன்தான் போட முடியும், ரேகையை யார் வேண்டுமானாலும் அவன் கையைப் பிடித்து எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்குவேன். கிழவி சாகக் கிடக்கும்போது மை தடவி எடுத்த ரேகைகளை நானே பார்த்திருக்கிறேன். இவ்வளவும் தெரிந்த நான், ஒரு சாட்சியும் கேட்காத பூட்டைக் காசு கொடுத்து வாங்கினேன்.

ஆபரேஷன் ஆகி, மறுநாள் காலையில்தான் எனக்கு முழு நினைவு வந்தது. வார்டு நர்ஸ் கேரளத்துப் பெண். தமிழ் பேசுவாள். "உங்க மகனுக்கு எவ்வளவு ஸ்நேகம் அப்பச்சா! நேத்து உச்சைக்கு, மத்தியானத்துக்கு மேல நீங்க மயக்கத்துல கிடக்கும்போது உங்க கையப் பிடிச்சிட்டே உக்காந்திருந்தார்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் என் கையைக் கடைசியாகப் பிடித்தது நான்காம் வகுப்பில் சாலையைக் கடக்கும்போது என்று நினைக்கிறேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். அன்று அவன் வாங்கி வந்த இட்லி கல்லாக இருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.

ஆபரேஷன் பற்றித் தங்கையிடம் நான் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் டிசம்பர் குளிரில் ரயிலேறி வந்து நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அவளைக் கூப்பிட்டேன். இணைப்பைத் துண்டித்தாள். மறுபடி கூப்பிட்டேன், மறுபடியும் துண்டித்தாள். ஊரில் ஏதோ வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வீடு வாங்க இருந்த ஆள் படியேறி வந்தார். திலக் நகரில் துணிக்கடை வைத்திருப்பவர். என்னிடம் பயானா என்கிற முன்பணம் கொடுத்திருந்தார். டில்லி வழக்கப்படி விற்பவன் பின்வாங்கினால் பயானாவை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

"அங்கிள்ஜி, டபுள் வாபஸ்" என்றார், உட்காரும் முன்பே.

நான் பின்வாங்கவில்லையே என்றேன். தன் போனை எடுத்துக் காட்டினார். வியாபாரம் ரத்து, இனி என் வீட்டுக்கு வர வேண்டாம் என்று இங்கிலீஷில் இருந்தது. என் நம்பர். பதினேழாம் தேதி, பிற்பகல் மூன்று ஐம்பது. அதை நம்பி அவர் சனிக்கிழமையே பக்கத்து பிளாக்கில் வேறு வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டார். என் போனைத் திறந்து பார்த்தேன். அப்படி ஒரு செய்தி அதில் இல்லை. அனுப்பிய பிறகு அழிக்கப்பட்டிருந்தது. மூன்று ஐம்பதுக்கு நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். நர்ஸ் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மகன் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"என் போனைத் திறந்தியா?"

"ஆமா."

"எப்படி?"

"உங்க விரலாலதான். வேற யார் விரல் வேலை செய்யும்? தினம் காலையில என் எதிர்லதானே தேய்க்கிறீங்க." ஷூவை ஓரமாக வைத்தான். "அத்தைகிட்ட இருந்து மெசேஜ் வந்துது. அவசரமோன்னு பார்த்தேன். பழசெல்லாம் வரிசையா இருந்துது. வீட்டை வித்துட்டு அத்தை பேர்ல வாங்கப் போறீங்க. நான் யாரு அப்பா இந்த வீட்டுல? பேயிங் கெஸ்டா?"

"அவ பேர் மட்டும் இல்ல. ரெண்டு பேர் பேர்லயும்."

"அச்சா, ரெண்டு பேர். அதுல என் பேர் எது?"

சாக்ஸை உருட்டி ஷூவுக்குள் திணித்தான்.

"லெட்டராவே எழுதியிருக்கணும் நீங்க. அந்த எழுத்து எனக்கு ஜிலேபி மாதிரி. இது ஏபிசிடில இருந்துது, படிச்சிட்டேன்."

"அத்தைக்கு என்ன அனுப்பினே?"

மூன்று முறை கேட்ட பிறகு சொன்னான். உனக்கு என் வீட்டு மேல்தான் கண் என்று இப்போது புரிகிறது, எனக்கு என் பிள்ளை இருக்கிறான், இனிப் போன் செய்யாதே. இவ்வளவுதான். தமிழில், என் பெயரில், என் விரலால்.

"நீதான் அனுப்பினதுன்னு நீயே அவகிட்ட சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்டா?"

"சொன்னா நீங்க போயிடுவீங்க."

அந்த வாக்கியத்தைப் பல நாள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். போய்விடுவேன் என்று அவன் பயந்தது என்னை நினைத்தா, வீட்டை நினைத்தா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கும்.

தங்கை புத்தாண்டு அன்றுதான் போனை எடுத்தாள்.

"சொல்லுங்க." அண்ணே என்ற சொல் இல்லை.

"அதை நான் அனுப்பலை. எனக்கு அன்னைக்கு ஆபரேஷன். மயக்கத்துல கிடந்தேன்."

"ஆபரேஷனா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. சரி, உங்க விரல் பட்டாத்தான் திறக்கும்னு நீங்கதான சொன்னிய? விரலை வெட்டிட்டுப் போனாலும் திறக்காதுன்னிய. ஆஸ்பத்திரிக்கு விரலை விட்டுட்டா போனிய?"

"அவன் பிடிச்சு வச்சிருக்கான். நான் மயக்கத்துல..."

"போன மார்ச்சுல கிளம்புதேன்னிய, கிளம்பல. தீபாவளி கழிச்சுன்னிய. இப்ப பயந்துட்டிய. பயந்துட்டேன்னு சொன்னா நான் கோவிச்சுக்கவா போறேன்? பெத்த பிள்ளை தலையில ஏன் போடுதிய?"

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. என் கையெழுத்தை யாராவது போலியாகப் போட்டிருந்தால் அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பாள். முப்பது வருடம் பார்த்த எழுத்து. இதில் போலியே இல்லை. விரல் என்னுடையது, போன் என்னுடையது, நம்பர் என்னுடையது. நான் மட்டும்தான் அங்கே இல்லை. அதைச் சொல்ல ஒரு சாட்சிதான் உண்டு. அவன் சொல்ல மாட்டான்.

பிறகு ஒரு கடிதம் எழுதினேன், தமிழில். பதில் இல்லை. தென்காசி வீட்டுக்கு அவள் கொடுத்த முன்பணம் இருபத்தைந்தாயிரமும் போய்விட்டது என்று ஊர்க்காரர் ஒருவர் மூலம் தெரிந்து, தபாலாபீஸ் போய் ஐயாயிரம் ஐயாயிரமாக ஐந்து மணியார்டர் அனுப்பினேன். ஐந்தும் திரும்பி வந்தன. பெறுபவர் வாங்க மறுத்தார் என்று குறிப்பு. கமிஷனைத் தபாலாபீஸ் திருப்பித் தராது.

பயானாவில் நான் இழந்தது ஒரு லட்சம். போன் பதினாலாயிரத்து ஐந்நூறு. மணியார்டர் கமிஷன் ஆயிரத்து இருநூற்றைம்பது. ஆக மொத்தம் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.