மழை துப்பும் முகம்

எங்கள் ஊர் கோதிக் பேராலயத்துக்குள் ஆண்டவருக்கு அடுத்த அதிகாரம் வால்புர்காவுக்குத்தான். ஆண்டவராவது மன்னிப்பார். வாசலில் மெழுகுவத்தி விற்கும் அந்த அம்மையார், தொப்பியோடு நுழைந்தவனை நடுங்க வைத்தும், ஐஸ்கிரீமோடு வந்தவனை அது உருகி முடியும்வரை வெளியே நிறுத்தியும் பக்தி வளர்த்தார். பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை மறந்தாலும் அவர் குரலை மறந்ததில்லை.

போன வசந்தத்தில், கூரைத் தண்ணீரை வாய்வழியே துப்பும் கல் பூதங்களில் ஒன்று வாசலுக்கு மேலே விரிசல் கண்டது. புதிதாகச் செதுக்கும் சிற்பிக்கு இங்கே ஒரு பரம்பரை உரிமை உண்டு: ஊரில் தன் உயிரை வாங்கியவர் முகத்தையே பூதத்துக்கு வைத்துவிடலாம். பன்றிக் காதோடு தெற்கே துப்பிக்கொண்டிருப்பவர் ஒரு காலத்தில் வரி அதிகாரியாம்.

"இந்தத் தடவை யாரு மூஞ்சிப்பா?" என்று பீர்க் கடையில் சிற்பி கொர்பினியனைக் கேட்டார்கள்.

"தினமும் காலையில 'பூட்ஸைத் துடைச்சியாடா'ன்னு கத்துறது யாரு? அவங்கதான்."

செய்தி வால்புர்காவை எட்டியது. மறுநாளே அவர் புனிதராகிவிட்டார். தொப்பிக்காரனுக்குப் புன்னகை, ஐஸ்கிரீம்காரனுக்குக் கைக்குட்டை, கொர்பினியனுக்குத் தினம் பிளம் கேக். "சாப்பிடு கண்ணு, கல்லோட மல்லுக்கட்டுற கை." கண்ணு சாப்பிட்டான். உளியை மட்டும் கீழே வைக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் சாரம் பிரித்தார்கள். மேலே ஒரு பெண் பூதம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது.

"அட, நம்ம பேக்கரி ஓட்டிலி!"

ஓட்டிலி வெட்கப்பட்டுக் கூட்டத்துக்குக் கைகாட்டினாள். வால்புர்கா விட்ட நிம்மதிப் பெருமூச்சு பாதியில் நின்றது.

"அவளா? மூக்கைப் பாருங்கய்யா! எங்கப்பா குடுத்த மூக்கு அது!"

"சும்மா இருங்கம்மா. நீங்க என்னைக்குச் சிரிச்சீங்க?" என்றது கூட்டம்.

"வசந்தத்துலேருந்து சிரிச்சுக்கிட்டுத்தானேடா இருக்கேன், தாடை வலிக்க!"

கொர்பினியன் தலையைச் சொறிந்தான். "வால்புர்காம்மாதாங்க. உறுமுற மாதிரிதான் ஆரம்பிச்சேன். கேக் தின்னத் தின்ன, உறும வைக்க மனசு வரலை."

ஊர் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. கூட்டம் தொப்பியும் சேறுமாக வாசலுக்கு ஓடிவந்தது. வால்புர்கா குறுக்கே நின்று, வசந்தத்திலிருந்து அடக்கிவைத்ததையெல்லாம் திறந்துவிட்டார்.

"தொப்பியைக் கழட்டுங்கடா! பூட்ஸைத் துடைங்கடா!"

மேலே கல் வாயிலிருந்து சாரல், கீழே அவர் வாயிலிருந்து சாரல். நனைந்த ஊர் அண்ணாந்து பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது.

"அவங்களேதான்," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள் ஓட்டிலி.

"தெரிஞ்சுதுல்ல?" என்றார் வால்புர்கா, மேலே இருப்பவளைப் போலவே சிரித்து. "சரி, பூட்ஸைத் துடை."