பட்டன் அக்கா பார்க்காத பட்டன்

எதிரே வருபவரின் முகத்தைப் பட்டன் அக்கா கடைசியாகத்தான் பார்ப்பாள். முதலில் காலர், பிறகு மார்பு, பிறகு மணிக்கட்டு. "நடு பட்டன் மட்டும் வேற நிறமா இருக்கே தம்பி" என்று கல்யாண மேடையில் மாப்பிள்ளையிடமே சொல்லிவிட்டு, வீடு வரும்வரை கணவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

நாலு பேர் உள்ளே நின்றால் அடுத்தவர் தெருவில் நிற்க வேண்டிய பட்டன் கடை அவளுடையது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். யாராவது ஒரு பட்டனை நீட்டினால் போதும், அதன் ஜோடி இருக்கும் இழுப்பறைக்கு அக்காவின் கை தானாகப் போய்விடும். சாப்பாட்டுத் தட்டு கல்லாப்பெட்டிமேல் காய்ந்து கிடக்கும். சாயங்காலமானால் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் எரிச்சல்.

"ஊர்ச் சட்டையெல்லாம் மூட வச்சா. இந்தக் கடையத்தான் மூடத் தெரியல" என்பார் கணவர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஜனங்க கை காட்டக் காட்ட நிக்காமப் போனவரு நீங்க. எனக்கு அது வரலயே!"

வரத்தான் இல்லை. போன வருஷம் ஒருமுறை மூடினாள். பூட்டிய கையோடு பல வருஷ வாடிக்கையான டீச்சர் ஒருவர் வந்து ஒரு கோட்டுப் பட்டனை நீட்டினார். அக்கா பார்த்தாள். மேல் வரிசை, ஓரத்து இழுப்பறை. ஷட்டர் ஏறியது. டீச்சரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து வேறொருவர் என்று கடை பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

இந்த முறை நாளைக் காலையே சரக்கை அள்ளிப்போக மொத்த வியாபாரி வருகிறார். அதுவரை தாக்குப் பிடித்தால் போதும்.

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. "அப்பாடா" என்று அக்கா இடுப்பை நிமிர்த்தினாள்.

"ஏம்மா, நில்லு நில்லு!" அதே டீச்சர், மூச்சு வாங்க. "நீயும் மூடிட்டா நான் எங்கம்மா போவேன்? ஒண்ணே ஒண்ணு. இதப் பாரேன்."

உள்ளங்கை விரிந்திருந்தது. அக்காவின் கண் வழக்கம்போலக் கீழே இறங்கப் போனது. சட்டென்று அவள் டீச்சரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயோ டீச்சர், எப்போ கண்ணாடி போட்டீங்க?"

"அது ஆச்சே, அஞ்சாறு வருஷம்!"

"ரொம்ப எடுப்பா இருக்கு டீச்சர்."

சொல்லிக்கொண்டே, அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், டீச்சரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பட்டன்மேல் மடக்கிவிட்டாள்.