நான் நம்பாத நாற்பது நிமிடங்கள்

அமெரிக்காவில், சன்னிவேலில் இருபத்திரண்டு வருடம் பிஸியோதெரபிஸ்டாக வேலை பார்த்தேன். இந்தத் தொழிலில் யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. "தினமும் எக்ஸர்சைஸ் பண்றேன்" என்பார்கள். தசையைத் தொட்டால் பொய் தெரிந்துவிடும். போட்டிகளில் விளையாடும் பிள்ளைகள் அதற்கு நேர்மாறு, உயிர் போகிற வலியிலும் "ஐ ஆம் ஃபைன்" என்பார்கள். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே நான் நல்ல பெயர் வாங்கினேன். அதே குணம் என்னைத் தலைகுனிய வைத்த ஒரு பயணத்தைப் பற்றி, டீம்களோடு வெளியூர் போகும் இளம் பிஸியோக்களுக்காக எழுதுகிறேன்.

1. கோகோ

ஒரு ஹைஸ்கூல் ஸ்கீ டீமுக்கு, அதாவது பனிச்சறுக்கு அணிக்கு, நான்கு நாள் ட்ரெய்னிங் கேம்ப். எட்டுப் பிள்ளைகள், டான் என்ற கோச், நான். தாஹோ ஏரிப் பக்கம் மலை. நான் கரூர்க்காரி, பனியில் நேராக நடக்கவே வராது. அடிவாரத்தில் ஃபர்ஸ்ட் எய்ட் பையோடு நிற்பதுதான் என் வேலை.

முதல் நாள் மதியம், அறுபது வயதிருக்கும் ஓர் அமெரிக்கப் பெண் பெரிய ஃபிளாஸ்க்கோடு வந்து பிள்ளைகளுக்குக் கோகோ ஊற்றிக் கொடுத்தார். பெயர் லிண்டா. நான் ஓடிப்போய், "நீங்க இங்க வேலை பாக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. பக்கத்துலதான் வீடு. பசங்க ட்ரெய்னிங் பண்றதப் பாக்கப் பிடிக்கும், வருவேன்." அவர் சொன்ன ஆங்கிலத்தை என் தமிழில் எழுதுகிறேன்.

அந்தப் பதிலே எனக்குப் பிடிக்கவில்லை. ஊரான் வீட்டுப் பிள்ளைகளைத் தினமும் வந்து பார்க்க என்ன இருக்கிறது? பிள்ளைகள் கையிலிருந்த கப்புகளை வாங்கிப் பனியில் கொட்டினேன். "ஆன்ட்டி, தட்ஸ் சோ ரூட்" என்றாள் காவ்யா. குபெர்டினோவில் வளர்ந்த தமிழ்ப் பெண், பதினாறு வயது, டீமிலேயே வேகமானவள். லிண்டா காலிக் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

2. பார்க்கிங் லாட்

மறுநாள் காலை பத்து மணிக்குக் காவ்யா விழுந்தாள். இறங்கும் வழியில் நட்டிருந்த கம்பத்தில் ஸ்கீ மாட்டி, கால் முறுக்கிக்கொண்டது. மலையில் ரோந்து வரும் பேட்ரோல்காரர்கள் அவளைச் சறுக்கு ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கீழே கொண்டுவந்தார்கள். அடிவாரத்துச் சின்ன கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. டாக்டர் கால் அசையாமலிருக்க ஸ்பிளின்ட் போட்டு, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வேன் டயர் மூழ்கி நின்றது. டான் மற்ற ஏழு பிள்ளைகளோடு மலைமேல் இருந்தார்.

அப்போது லிண்டா உள்ளே வந்தார். "என் வீட்டுக்காரர் வால்ட் வெளியில நிக்கறார். எங்க பிக்கப் டிரக்குக்கு முன்னாடி பனி தள்ற பிளேடு இருக்கு. நாங்க கூட்டிட்டுப் போறோம்."

"தேங்க் யூ, ஆம்புலன்ஸ் வரும்" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. "வெளியிலதான் இருப்போம்" என்று சொல்லிப் போனார். அதுவும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது. முதல் நாள் அவமானப்படுத்தியவளுக்கு யார் வந்து உதவுவார்கள்? வக்கீலுக்குக் கேஸ் பிடித்துக் கொடுக்கும் ஆளா? மதம் மாற்ற வருகிறவர்களா?

காவ்யாவின் அம்மா ராதா போனில் அழுதாள். "ஃப்ரீவே க்ளோஸ் பண்ணிட்டாங்கக்கா. கீழயே திருப்பி அனுப்பறாங்க. அவ உங்க பொறுப்புக்கா, தெரியாதவங்க வண்டியில மட்டும் ஏத்திடாதீங்க."

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காவ்யாவின் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது முறை கட்டைவிரலை லேசாக மேலே வளைத்ததும் அவள் அலறினாள். "ஆன்ட்டி, ஸ்டாப்! என் பாதம் டிங்கிள் ஆகுது, எறும்பு ஊர்ற மாதிரி." கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டேன். முறிவுக்குப் பிறகு உள்ளே வீக்கம் ஏறி, தசையைச் சுற்றியிருக்கும் உறைக்குள் அழுத்தம் கூடும். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்போம். ரத்த ஓட்டம் நின்றால் தசை செத்துப்போகும். சில மணி நேரத்துக்குள் உறையைக் கீறி அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

டாக்டர் ஸ்பிளின்டைத் தளர்த்தினார். ஆம்புலன்ஸுக்கு மறுபடி போன் போட்டார். குறைந்தது இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். "வண்டி எது கிடைச்சாலும் ஏறிப் போங்க. இப்பவே" என்றார் டாக்டர். வெளியே ஓடினேன். நாற்பது நிமிடமாக அந்தப் பிக்கப் எஞ்சினை அணைக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

காவ்யாவைப் பின் சீட்டில் நீளமாகப் படுக்க வைத்தோம். ஏறுவதற்கு முன் வண்டியின் நம்பர் பிளேட்டை ஃபோட்டோ எடுத்து ராதாவுக்கு அனுப்பினேன். வால்ட் அதைப் பார்த்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பர்ஸைத் திறந்து டிரைவர் லைசென்ஸை நீட்டினார்.

"இதையும் எடுத்துக்கோங்க. என் பொண்ணா இருந்தா நானும் இதைத்தான் பண்ணுவேன்."

பனியைத் தள்ளித் தள்ளி வண்டி நகர்ந்தது. குலுங்கிய இடத்திலெல்லாம் லிண்டா முன் சீட்டிலிருந்து திரும்பிக் காவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

3. காரிடார்

ஆஸ்பத்திரியில் எங்களை நிற்க வைக்கவே இல்லை. ராதாவிடம் போனில் சம்மதம் வாங்கிக்கொண்டு காவ்யாவை நேராக ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சர்ஜன் வந்தார். "தசை பிழைச்சிடும். முன்னாடியே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். இன்னும் லேட் ஆகியிருந்தா இந்தக் காலைப் பத்தி வேற மாதிரி பேசிட்டு இருப்போம்." அவருக்கு அந்த நாற்பது நிமிடம் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அவ்வளவுக்குப் பிறகும் என் புத்தி மாறவில்லை. காவ்யாவை ரூமுக்குக் கொண்டுவந்ததும் நர்ஸைத் தனியாக அழைத்து, "அந்தம்மா ஃபேமிலி இல்லை. உள்ளே விடாதீங்க" என்றேன். பிறகு கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது மாலை மணி நாலரை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காரிடாரில், நர்ஸின் மேஜைக்கு நேர் எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லிண்டா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு டப்பா. நான் வெளியே வந்ததும் எழுந்து நீட்டினார். "வண்டியில வரும்போது காவ்யாகிட்ட, கண் முழிச்சதும் என்ன சாப்பிடணும்னு கேட்டேன். யோகர்ட் ரைஸ்னு சொன்னா. எனக்குச் செய்யத் தெரியாது. வீட்டுக்குப் போய் போன்ல பாத்து செஞ்சேன். சரியா வந்திருக்கான்னு தெரியல." திறந்து பார்த்தேன். சாதம் உருண்டை உருண்டையாக இருந்தது, தயிரும் உப்பும் மட்டும். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"உங்களை உள்ள விட வேணாம்னு நர்ஸ்கிட்ட நான்தான் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். சொன்னா" என்றார் லிண்டா. "அதான் நர்ஸ் கண்ணுல படற மாதிரி இங்க உக்காந்தேன். உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்குமேன்னு."

கதவைத் திறந்து, அவரை முன்னால் விட்டு நான் பின்னால் போனேன்.

ராதாவும் அவள் கணவரும் மறுநாள் காலை வந்துசேர்ந்தார்கள். காவ்யா அந்த சீசனும் அடுத்த சீசனும் ரேஸ் போகவில்லை. அதற்கடுத்த சீசன் போனாள்.

சந்தேகப்படுவதை விட்டுவிடுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பிறர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் சந்தேகம் வந்தால் அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். லைசென்ஸைக் காட்டுங்கள் என்று நான் கிளினிக்கிலேயே கேட்டிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வாயைத் திறந்து கேட்காமல் மனசுக்குள்ளேயே விசாரணை நடத்திக்கொண்டிருந்தேன். அந்த நாற்பது நிமிடமும் என்னுடையதல்ல, காவ்யாவின் காலுடையது.